குடல் சொன்னதும் மைசூரு கேட்டதும்

எடைக்குறைப்புக்கான ஜிஎல்பி-1 வகை ஊசி மருந்துகள் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. அவற்றை எடுத்துக்கொள்வோரில் பலர் பசி குறைந்ததை மட்டும் சொல்வதில்லை. முன்பு கண்டவுடன் கை நீண்ட இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் இப்போது ஈர்ப்பதில்லை என்றும், சிலவற்றின் சுவையே மாறிவிட்டது என்றும் சொல்கிறார்கள். ஜிஎல்பி-1 என்பது உணவு வந்து சேர்ந்ததும் குடற்சுவரின் உயிரணுக்கள் சுரக்கும் இயக்குநீர். ஆகவே ‘குடல் மூளையோடு பேசுகிறது’ என்னும் தொடர் நாளிதழ்களிலும் காணொளிகளிலும் இந்த நூற்றாண்டின் புதுக் கண்டுபிடிப்பாக வலம் வருகிறது.

அறிவியல் வரலாறு படிப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. இக்கதையின் தொடக்க அத்தியாயங்களில் சில, கான்பூரிலும் தில்லியிலும் பெங்களூருவிலும் எழுதப்பட்டவை. அவற்றுக்கு மிக அருகில், ஆனால் வேறொரு வாசல் வழியாக, மைசூருவும் அதே குடலுக்குள் நுழைந்தது. இந்த இரு வழிகளும் ஏன் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்பதே இப்பதிவின் பொருள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடலிலிருந்து எழும் குறிப்புகளில் எதைக் கேட்பது, எதைக் கேளாமல் விடுவது என்பதை ஆய்வுக்கருவிகள் தீர்மானிக்கவில்லை. அக்காலத்து உணவு நெருக்கடியும் நிறுவனங்களின் பணி வரையறையுமே தீர்மானித்தன.

ஆய்வகங்களுக்குப் போகுமுன் சில சொற்களைப் பார்ப்பது நல்லது. ‘தெவிட்டுதல்’, ‘திகட்டுதல்’ என்கிறோம். முதல் கவளத்தில் இனித்த அதே பொங்கல், பத்தாவது கவளத்தில் வேண்டாத பொருளாகிறது. பொங்கல் மாறவில்லை, நாவும் மாறவில்லை, வயிற்றின் நிலை மாறியிருக்கிறது. சித்த, ஆயுர்வேத மருத்துவ மரபுகளில் ‘அரோசகம்’ என்று ஒரு நோய்ப்பெயர் உண்டு. உணவில் சுவை தெரியாமையையும் உணவின்மேல் விருப்பம் எழாமையையும் அது ஒரே நோயாகக் கருதுகிறது. மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகைக்கு வரும் ‘யானைத்தீ’ இதற்கு நேர் எதிரானது. எவ்வளவு உண்டாலும் ‘போதும்’ என்ற குறிப்பு எழாத வயிறு அது. இச்சொற்களைக் காட்டி ‘முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர்’ என்று வாதிடும் நோக்கம் எனக்கில்லை. அந்த வாதம் வரலாற்றுக்கும் உதவாது, அறிவியலுக்கும் உதவாது. சுவை நாவோடு முடிவதில்லை என்ற கவனிப்பு மொழியில் படிந்திருந்தது என்ற அளவே நான் சொல்வது.

தென்னிந்தியாவில் இக்கவனிப்பு சோதனைக்கூடத்துக்குள் வந்த முதல் இடங்களில் ஒன்று குன்னூர். அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் மெக்காரிசன், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற புறாக்களையும் குறையுணவு பெற்ற குரங்குகளையும் ஆராய்ந்து, 1921இல் குறைபாட்டு நோய்கள் பற்றிய தம் நூலை வெளியிட்டார். உயிர்ச்சத்துக் குறைபாடு நரம்பை மட்டும் தாக்குவதில்லை, உணவுப்பாதையின் திசுக்களையும் சிதைக்கிறது என்பது அவர் காட்டியது. பசியிழப்பைக் குறைபாட்டின் அடிப்படையான அடையாளங்களில் ஒன்றாகவும், உடல் தன்னைக் காத்துக்கொள்ளத் தரும் குறிப்பாகவும் அவர் கருதினார். புறா உண்ண மறுப்பது சுவையின்மையால் அன்று, அதன் உள்ளுறுப்பு அவ்வுணவை ஏற்க மறுப்பதால் என்பது அவருடைய வாசிப்பு. குன்னூர் ஆய்வகமே பின்னர் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதன் தொடர்ச்சி.

மேலை நாடுகளில் அப்போது வேறொரு கேள்வி எழுந்திருந்தது. பசி என்பது எங்கே உணரப்படுகிறது? 1912இல் வால்டர் கேனனும் அவர் மாணவர் வாஷ்பர்னும் ஒரு சோதனை செய்தனர். வாஷ்பர்ன் ஒரு சிறு பலூனை விழுங்கிக்கொண்டார். இரைப்பை சுருங்கும் நேரமும் அவர் பசியை உணரும் நேரமும் பெரும்பாலும் ஒத்துப்போயின. பசி இரைப்பையின் சுருக்கம் என்று சில காலம் நம்பப்பட்டது. பிறகு கவனம் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் பக்கம் திரும்பியது. அதன் நடுப்பகுதியைச் சிதைத்தால் எலி பருத்துவிடும் என்று 1940இல் தெரியவந்தது. 1951இல் பக்கவாட்டுப் பகுதியைச் சிதைத்தால் விலங்கு உண்பதையே நிறுத்திவிடும் என்று காட்டியவர் பால் கிருஷன் ஆனந்த். தில்லியிலிருந்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அங்கே ஜான் பிரோபெக்குடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வு அது. ‘உணவு மையம்’, ‘நிறைவு மையம்’ என்ற சொற்கள் இரண்டு தலைமுறைகளுக்குப் பாடநூல்களை ஆண்டன. அந்த ‘மைய’க் கோட்பாடு பின்னாளில் தளர்ந்ததையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சிதைவினால் கெட்டது அவ்விடத்து உயிரணுக்கள் மட்டுமன்று, அதன் வழியே கடந்து செல்லும் நரம்பிழைகளும் என்று 1970களில் தெளிவாயிற்று.

மையம் இருக்கட்டும், அதற்குச் செய்தி எங்கிருந்து வருகிறது? இவ்விடத்தில்தான் இந்தியப் பங்களிப்பு முதல் வரிசைக்கு வருகிறது. அவுதார் சிங் பெயின்டல் எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, கான்பூரிலிருந்த பாதுகாப்புத் துறை ஆய்வகமொன்றில் பணியாற்றினார். பூனையின் வேகஸ் நரம்பிலிருந்து ஒற்றை நரம்பிழையைப் பிரித்தெடுத்து, அதில் ஓடும் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் நுட்பத்தில் அவர் கைதேர்ந்தவர். இரைப்பை விரியும்போது துடிப்பை மேலனுப்பும் உணர்விகளை 1953-54 கட்டுரைகளில் அவர் விவரித்தார். பசியும் தாகமும் தணிவதில் அவற்றுக்குப் பங்குண்டு என்பதைத் தலைப்பிலேயே சொன்னார். வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு, உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்பவை. மூளை வயிற்றுக்கு ஆணையிடும் கம்பி என்று நெடுங்காலம் கருதப்பட்ட ஒன்று, உண்மையில் வயிறு மூளைக்கு அறிக்கை அனுப்பும் கம்பி.

1956இல் தில்லியில் அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டபின், ஆனந்தின் உடலியல் துறை இந்த அறிக்கையைப் பெறும் முனையை ஆராய்ந்தது. 1961இல் கே. என். சர்மா, ஆனந்த், துவா, பல்தேவ் சிங் ஆகியோரின் கட்டுரை, இரைப்பையின் நிலை ஹைப்போதலாமஸின் உணவு மையங்களை எவ்வாறு பாதிக்கிறது என்பதைப் பற்றியது. 1967இல் ஆனந்தும் பிள்ளையும் ஒற்றை நரம்பணு அளவிலேயே அதைப் பதிவுசெய்தனர்; இரைப்பையை விரித்தால் நிறைவுப் பகுதியின் நரம்பணுக்கள் துடிப்பை மிகுத்தன. இடையில் சர்மா அமெரிக்காவின் ராச்செஸ்டரில் நாசெட்டுடன் இணைந்து, குடலுக்குள் குளுக்கோஸும் அமினோ அமிலமும் பாய்ச்சும்போது குடல்தாங்கி நரம்புகளில் மின்துடிப்பு மாறுவதை 1962இல் காட்டினார். எவ்வளவு வந்தது என்பதை மட்டுமன்று, என்ன வந்தது என்பதையும் குடல் அறிகிறது என்பதற்கான முற்காலச் சான்றுகளில் அது ஒன்று. கோலிசிஸ்டோகைனின் என்ற குடல் இயக்குநீர் எலியின் உணவைக் குறைக்கிறது என்ற புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது 1973இல்தான்.

இனி மைசூரு. 1950 அக்டோபரில், இளவரசி ஒருவருக்காகக் கட்டப்பட்ட செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்தவர். வங்காளப் பஞ்சம் முடிந்து ஏழாண்டுகளே ஆகியிருந்தன. பங்கீட்டு அட்டைக் காலம் அது. அந்நிறுவனத்தின் முதற்கவலை ‘போதும்’ என்ற குறிப்பைப் பற்றியதாக இருக்க முடியாது. நிலக்கடலைப் பிண்ணாக்கு மாவு முக்கால் பங்கும் கடலை மாவு கால் பங்கும் சேர்த்து, உயிர்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கலந்த ‘பல்நோக்கு உணவு’ அங்கே உருவானது. மரவள்ளி மாவோடு கோதுமையும் நிலக்கடலை மாவும் சேர்த்து அரிசிமணி வடிவில் பிழிந்த மக்ரோனியும் அங்கே பிறந்தது. எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறை அவ்வாய்வகத்தின் பெருவெற்றி. மரவள்ளி அரிசியோ நெல்லரிசியின் இடத்தைப் பிடிக்கவில்லை. புரதக் கணக்கில் தேறிய உணவு இலையில் தேறாமற்போவது அக்காலத் திட்டங்களில் அடிக்கடி நிகழ்ந்தது.

இதற்கு மைசூருக்கு வெளியே கொடியதொரு முன்னிகழ்வு உண்டு. 1945இல் பெர்கன்-பெல்சன் வதைமுகாம் விடுவிக்கப்பட்டபோது, எலும்புந்தோலுமாக இருந்தோருக்கு ‘வங்காளப் பஞ்சக் கலவை’ என்ற பெயரில், இங்கே பஞ்சத்தின்போது உருவான முறையைத் தழுவிய இனிப்புக் கஞ்சி கொடுக்கப்பட்டது. மிகையான இனிப்பென்று பலர் அதை ஏற்கவில்லை. பட்டினியின் எல்லையில் நின்றவர்களும் சுவை பார்த்தார்கள்! பசித்தவனுக்கு எதுவும் ருசிக்கும் என்று நம்பிய உணவுத்திட்ட வல்லுநர்கள் இந்நிகழ்விலிருந்து கற்றது மிகக் குறைவு என்பது என் எண்ணம். சுவை, ஊட்டத்தின்மேல் சுற்றும் காகிதமாகவே கருதப்பட்டது. உணவு செல்லாவிட்டால் காகிதத்தை மாற்று என்பதே தீர்வு.

1961இல் அதே ஊரில் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடம் அமைந்தது. மறுஆண்டே இமயப் போர். மிக உயரமான மலைகளில் வீரர்களுக்குப் பசி மங்கும்; எதிரே நல்ல உணவு இருந்தும் கவளம் இறங்காது. உயிர்வளிக் குறைவில் குடல் இயக்குநீர்களின் அளவு மாறுவதும் அதற்கொரு காரணம் என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. மைசூருவின் உணவு அறிவியலாளர் முன் குடலின் ‘வேண்டாம்’ நேரடியாக வந்து நின்ற இடம் இதுவே. ஆயினும் நெடுநாள் கெடாமை, குறைந்த எடை, எளிதில் சூடாக்கல், உறையில் அடைத்தல் ஆகியவற்றிலேயே படையுணவின் வெற்றி அளக்கப்பட்டது. அது படையின் தேவை. அதைக் குறை சொல்ல இயலாது.

இதற்கிடையில் குடலும் நாவும் சந்திக்கும் இடத்தைத் தென்னிந்தியாவிலேயே ஒரு குழு நேரடியாக ஆராய்ந்தது. மேலே குறிப்பிட்ட கே. என். சர்மா 1970களில் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரியின் உடலியல் துறையில் இருந்தார். அமெரிக்க ஆய்வாளர் ஜேக்கப்ஸோடு அவர் 1969இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘சுவையா, கலோரியா?’ என்ற பொருள்படுவது. ஜேக்கப்ஸ், கோபால், துவா-சர்மா ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய மற்றோர் இயல், வேதிப்புலன்களும் ஊட்டமும் பற்றிய 1977ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ளது. இரைப்பையின் நிலை சுவையுணர்வை மாற்றியமைக்கிறது என்பதற்கு நடத்தைச் சான்றையும் உடலியல் சான்றையும் ஒருங்கே வைப்பது அதன் நோக்கம். முந்திய ஆண்டில் கிளெனும் எரிக்சனும் எலியில் இதையொத்த ஒன்றைக் கண்டனர். இரைப்பையை விரித்தால், நாவின் செய்தியை முதலில் பெறும் மூளைத்தண்டுப் பகுதியின் துலங்கல் குறைந்தது, அதிலும் இனிப்புக்கே அக்குறைவு மிகுதி. லியோனில் மிஷெல் கபனாக் 1971இல் இதன் மனித வடிவத்துக்கு ‘அல்லீஸ்தீசியா’ என்று கிரேக்கப் பெயர் சூட்டியிருந்தார். பசித்தவர் நாவில் இனித்த சர்க்கரைக் கரைசல், வயிற்றுக்குள் குளுக்கோஸ் சென்றபின் வெறுப்பூட்டுகிறது. நாவைத் தொடாமல் குழாய்வழியே இரைப்பைக்குள் செலுத்தினாலும் அம்மாற்றம் நிகழ்கிறது. நம்மிடம் ‘தெவிட்டல்’ இருக்கையில் கிரேக்கத்துக்குப் போவானேன் என்று தோன்றுகிறது. ஆனால் சொல் இருப்பது வேறு, குழாயிட்டுச் சோதிப்பது வேறு.

பெங்களூருவில் இது நடந்த காலத்தை அடுத்து, 140 கிலோமீட்டர் தொலைவில், மைசூரு உணவு ஆராய்ச்சி நிறுவனத்தின் உயிர்வேதியியலாளர்கள் நறுமணப் பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். முதலில் கேட்கப்பட்ட கேள்வி கொழுப்பு பற்றியது. சாம்பையாவும் சத்தியநாராயணாவும் 1980இல் மிளகாயும் அதன் காரப்பொருளான காப்சைசினும் எலியின் கொலஸ்டிராலைக் குறைப்பதைப் பதிவுசெய்தனர். தொடர்ந்து பட், சாம்பையா, சந்திரசேகரா ஆகியோர் வெந்தயம், இஞ்சி முதலியன பித்தநீர்ச் சுரப்பை எவ்வாறு மாற்றுகின்றன என்று பார்த்தார்கள். கல்பனா பிளாட்டலும் கிருஷ்ணபுர ஸ்ரீனிவாசனும் 1990களின் நடுவில் தொடங்கி இக்கேள்வியை விரித்தனர். மிளகு, சீரகம், இஞ்சி, பெருங்காயம், ஓமம், கொத்தமல்லி, கடுகு, வெந்தயம், மஞ்சள், மிளகாய் எனத் தென்னிந்திய அஞ்சறைப்பெட்டி ஏறக்குறைய முழுமையாகவே சோதனைக்கு வந்தது.

அவர்களின் செய்ம்முறையில் எனக்கு மிகவும் பிடித்த கூறு ஒன்றுண்டு. ஒவ்வொரு பொருளையும் அவர்கள் இருவிதமாகக் கொடுத்தார்கள்: ஒரே வேளை ஒரே அளவாக, மற்றும் எட்டு வாரம் தொடர்ந்து தீனியோடு கலந்து. மருந்து என்பதற்கும் உணவுப்பழக்கம் என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சோதனையின் வடிவத்திலேயே அது வைத்திருந்தது. பழக்கமாக உண்ட எலிகளில் கணையத்தின் செரிமான நொதிகளில் ஏற்பட்ட மாற்றம், ஒரு வேளை பெற்றவற்றில் அவ்வளவாகத் தெரியவில்லை. பலவகைப் பொருள்கள் பித்தநீரில் பித்த அமிலங்களை மிகுத்தன. 2001இல் வெளிவந்த கட்டுரை உணவு குடலைக் கடக்கும் நேரத்தை அளந்தது. வெந்தயமும் கடுகும் நீங்கலாக மற்றவை அந்நேரத்தைக் குறைத்தன. இஞ்சி, ஓமம், சீரகம், பெருங்காயம், மிளகின் காரப்பொருளான பைப்பரின் ஆகியவற்றில் அவ்விளைவு மிகுதி. 2002இல் தனிப்பொருள்களை விட்டு மசாலாக் கலவைகளையே சோதித்த கட்டுரையொன்றும் வந்தது. 2004இல் பிளாட்டலும் ஸ்ரீனிவாசனும் எழுதிய திறனாய்வு, செரிமானத்தைத் தூண்டும் பண்பு புனைவா, மெய்யா என்று தலைப்பிலேயே வினவி, மெய் என்ற பக்கமே சாய்ந்தது.

இவை எலிகள் பற்றிய முடிவுகள். நொதியின் வினைத்திறன் கூடுவதும் மனிதருக்கு உணவு எளிதில் செரிப்பதும் ஒன்றல்ல. இத்தடையை ஏற்றுக்கொண்டும், இவ்வாய்வுகளின் அருமையை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். என் கவனம் வேறிடத்தில். இக்கட்டுரைகளில் பித்தம் பேசுகிறது, கணையம் பேசுகிறது, குடற்சுவர் பேசுகிறது, நரம்பு பேசவில்லை. எலி எவ்வளவு தின்றது, எதை விரும்பியது, எப்போது நிறுத்தியது என்பன முடிவுகளாக இடம்பெறவில்லை. தீனியின் அளவு, வளர்ச்சி கெடவில்லை என்று காட்டும் ஒரு நெடுவரிசையாக மட்டுமே நிற்கிறது. மிளகு ‘பசியைத் தூண்டும்’ என்ற வழக்குக்கூற்றில் ‘செரிமானம்’ என்ற பாதி ஆய்வுக்கு வந்தது, ‘பசி’ என்ற பாதி வெளியிலேயே நின்றது.

இந்தப் பிரிவின் விந்தையைக் காப்சைசினைப் போல வேறெதுவும் காட்டாது. மைசூருவில் அது தீனியில் கலக்கும் உணவுப்பொருள். அதே 1980களில் அமெரிக்க உடலியலாளர்க்கு அது நரம்பைக் கொல்லும் நஞ்சு. மிகுதியாகச் செலுத்தினால் வேகஸின் மெல்லிய உணர்விழைகளை அது செயலிழக்கச் செய்யும். ரிட்டரும் லேடன்ஹைமும் 1985இல் எலிகளுக்கு அவ்வாறு செய்துவிட்டுக் கோலிசிஸ்டோகைனினைக் கொடுத்தார்கள். உணவைக் குறைக்கும் அதன் ஆற்றல் தளர்ந்துபோயிற்று. குடலின் ‘போதும்’ வேகஸ் வழியே போகிறது என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. 1997இல் டேவிட் ஜூலியஸின் குழு காப்சைசினின் ஏற்பியை அடையாளம் கண்டது. 2021 நோபல் பரிசின் ஒரு பங்கு அதற்கு. அந்த ஏற்பி நாவிலும் உண்டு, குடலிலிருந்து மேலேறும் நரம்பிழைகளிலும் உண்டு. மைசூரு எலியின் தீனியில் இருந்த பொருளும், ‘போதும்’ என்னும் கம்பியை அறுக்கப் பயன்பட்ட பொருளும் ஒன்றே. அளவும் கேள்வியுமே வேறு. காரம் எலிக்கு இயல்பாகப் பிடிக்காது. அதைப் பழக்கிக் காரப்பிரியனாக்கப் பால் ரோசின் 1970களில் செய்த முயற்சிகள் பெரும்பாலும் தோற்றன. ஆகவே பழகிய காரம் குடல்நரம்பின் கூர்மையை மாற்றுகிறதா, அதனால் தெவிட்டும் புள்ளி நகர்கிறதா என்ற கேள்வியை மனிதரிடமே, அதிலும் காரம் உண்டு வளர்ந்தவரிடமே கேட்க வேண்டும். அதற்கு மைசூருவைவிடப் பொருத்தமான ஊர்கள் உலகில் அதிகமில்லை.

சுவை ஏற்பிகளே குடலில் இருக்கின்றன என்ற செய்தி இதன் அடுத்த படி. நாவின் சுவையணுக்களுக்கே உரியதென்று கருதப்பட்ட கஸ்டுசின் புரதம் எலியின் இரைப்பையிலும் குடலிலும் இருப்பதை 1996இல் ஹோஃபரும் உடனுழைத்தோரும் காட்டினர். பின்னர் இனிப்பு, கசப்பு ஏற்பிகளும் அங்கே காணப்பட்டன. ஆயினும் 2020இல் சார்லஸ் ஜுக்கரின் குழு எலியில் காட்டியது இதிலிருந்தும் விலகியது. சர்க்கரைமேல் விருப்பத்தை வளர்க்கும் குடற்குறிப்பு நாவின் இனிப்பு ஏற்பி வழியாக வரவில்லை. குளுக்கோஸை உணரும் வேறு வழியில், வேகஸ் ஊடாக மூளைத்தண்டை அடைந்தது. நாவின் ‘இனிக்கிறது’ ஒன்று, குடலின் ‘இன்னும் வேண்டும்’ மற்றொன்று. இவ்விடத்தில் நீலகிரிக்கு ஒரு பக்கப்பார்வை. உதகையில் அரசின் கொயினா வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர், சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சர்க்கரையின் இனிப்பு மறைவதை 1887இல் ஆராய்ந்து, அதன் அமிலத்துக்குப் பெயருமிட்டார். அவர் விசாரித்த சாட்சி நாவு மட்டுமே. குடலையும் சாட்சிக்கூண்டில் ஏற்ற நூறாண்டுகளுக்கு மேல் பிடித்தது.

மைசூருவும் பெங்களூருவும் ஏன் சந்திக்கவில்லை என்பதற்குத் தனிமனிதர்களின் அசட்டையைக் காரணமாகச் சொல்வது எளிது; சரியன்று. ஒன்று அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுவின் கீழ், மற்றொன்று மருத்துவக் கல்லூரிக்குள். ஒன்றின் கட்டுரைகள் உணவு, ஊட்ட இதழ்களுக்குப் போயின, மற்றதன் கட்டுரைகள் உடலியல் இதழ்களுக்கு. மைசூருவிலேயே சுவையை அளக்கும் புலனறிவியல் பிரிவும், குடலை ஆராய்ந்த உயிர்வேதியியல் பிரிவும் வேறு வேறு. சுவைப்போர் குழு ஒரு பண்டத்தைச் சிறிதளவு நாவிலிட்டு மதிப்பெண் தரும். உணவு அறிவியலின் பொதுவழக்கப்படி, மிகப் பசித்தவரோ வயிறு நிறைந்தவரோ அச்சோதனைக்கு அமர்த்தப்படுவதில்லை. வயிற்றின் குறுக்கீட்டை விலக்கினால்தான் சுவை தூயதாக அளக்கப்படும் என்பது அம்முறையின் அடிப்படை. சர்மா ஆராய முயன்ற அதே குறுக்கீட்டை, அங்கே பிழையாகக் கருதி முன்கூட்டியே நீக்கிவிடுகிறார்கள்.

இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு மைசூருப் பந்தியையே ஆய்வுக்களமாகப் பரிந்துரைப்பேன். தமிழர் பந்தியில் முதலில் சாம்பார், பிறகு ரசம். மிளகும் சீரகமும் பெருங்காயமும் நாவுக்கு வரும்போது வயிறு பாதி நிறைந்திருக்கும். கன்னடர் வழக்கில் சாறு முன்னே வரும், புளியிட்ட ஹுளி பின்னே. ஏறக்குறைய ஒரே பொருள்கள், ஒரே ஊர், அடுத்தடுத்த வீடுகள். வரிசை மட்டும் தலைகீழ். மைசூரு மிளகை ஆராய்ந்தது, பெங்களூரு நிறைந்த இரைப்பையை ஆராய்ந்தது. பாதி நிறைந்த வயிற்றுக்கு மிளகு எப்படிச் சுவைக்கிறது, வெறும் வயிற்றுக்கு எப்படி, எந்த வரிசையில் உண்டவர் மூன்றாம் முறை சோறு கேட்கிறார் என்பதை அளக்கத் தேவைப்படுவன இரண்டு இலைகளும் ஒரு கடிகாரமும் ஒரு தராசும்தான்.